பெங்களூரிலிருந்து வேளாண்மை படிக்க எந்தக் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது?

ராமமூர்த்தி நகரில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் குடியிருக்கும் ஒரு தந்தை கேட்டிருக்கிறார்: "எங்களுக்குச் சொந்த ஊர் ராயக்கோட்டைப் பக்கம். என் தந்தையார் காலத்து மூன்று ஏக்கர் நிலம் அங்கே இருக்கிறது. மகள் இங்கேயே பிறந்து, ஒன்றாம் வகுப்பிலிருந்து இங்கேயே படித்து, இப்போது இரண்டாம் பி.யூ.சி.யில், அதாவது பன்னிரண்டாம் வகுப்பில், இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் பாடங்களைப் படிக்கிறாள். வேளாண்மைதான் படிப்பேன் என்கிறாள். பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தின் வளாகமான ஹெப்பாள் ஜி.கே.வி.கே.யில் முயல்வதா, கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவதா, அல்லது முன்பணம் கட்டினால் இப்போதே இடம் தருவதாகத் தொலைபேசியில் அழைக்கும் ஒரு தனியார் கல்லூரியில் சேர்த்துவிடுவதா?"

ஐயா, முன்பணத்தை மட்டும் இப்போது கட்ட வேண்டாம். மற்றவற்றைப் பொறுமையாகப் பேசலாம். நான் அல்சூரில் வளர்ந்த தமிழன். 1980களில் ஜி.கே.வி.கே.யில் இளங்கலை வேளாண்மை படித்தேன். அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் விதை உற்பத்தித் துறையில் வேலை பார்த்தேன். அந்தக் காலத்தில் பல கல்லூரிகளிலிருந்து வந்த பட்டதாரிகளை நேர்காணல் செய்திருக்கிறேன், அவர்களோடு வயலிலும் நின்றிருக்கிறேன். வேளாண்மைக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் கட்டடத்தையும் பெயரையும் விட, மாணவர்கள் கால் வைக்கும் நிலம் அதனிடம் எவ்வளவு இருக்கிறது, அந்த நிலத்தில் அவர்கள் எத்தனை மணி நேரம் நிற்கிறார்கள் என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்று அந்த அனுபவத்தில் உறுதியாக நம்புகிறேன். ஆனால் நிலத்தைப் பார்க்கப் போவதற்கு முன், உங்கள் மகளுக்கு எந்தெந்த வாசல் திறந்திருக்கிறது என்பது தெரிய வேண்டும். பெங்களூருத் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் தடுமாறுவது அங்கேதான்.

கர்நாடகத்தில் அரசு வேளாண் பல்கலைக்கழகங்களின் இடங்கள், கர்நாடகத் தேர்வு ஆணையம் நடத்தும் பொது நுழைவுத் தேர்வின் வழியே நிரப்பப்படுகின்றன. ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புக்குள் குறைந்தது 7 ஆண்டுகள் இம்மாநிலத்தில் படித்து, பத்தாம் வகுப்பையோ இரண்டாம் பி.யூ.சி.யையோ இங்கே தேர்ச்சி பெற்ற மாணவர், தாய்மொழி எதுவாக இருந்தாலும், மாநில மாணவராகவே கருதப்படுகிறார். உங்கள் மகள் அந்தத் தகுதிக்குள் வருகிறாள். "நாம் தமிழர், இங்கே நமக்கு இடம் கிடைக்காது" என்று சொல்லி விண்ணப்பமே போடாமல் விட்ட குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அது வெறும் அச்சம். படித்த பள்ளிகளிலிருந்து படிப்புச் சான்றிதழ்களை இப்போதே வாங்கி, வட்டாரக் கல்வி அலுவலரின் மேலொப்பமும் பெற்று வையுங்கள். தேர்வு முடிந்தபின் அலைந்தால் கலந்தாய்வு நாளில் கையில் ஒன்றும் இருக்காது. நுழைவுத் தேர்வில் கணிதம், உயிரியல் இரண்டு தாள்களையும் அவள் எழுதட்டும். உயிரியலோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னாலும் கேட்க வேண்டாம்.

கர்நாடகத்தில் வேளாண் குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடும், அதற்கென ஒரு செய்முறைத் தேர்வும் உண்டு. விதைகளையும் களைகளையும் கருவிகளையும் உரங்களையும் முன்னால் பரப்பி வைத்து, இது என்ன, எதற்குப் பயன்படும் என்று கேட்பார்கள். மிக நல்ல ஏற்பாடு அது. நிலத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அதற்குரிய மதிப்பெண் கிடைக்கிறது. ஆனால் அது இம்மாநிலத்து உழவர் குடும்பங்களுக்காக ஏற்பட்டது. உங்கள் நிலம் எல்லைக்கு அந்தப் பக்கம், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருப்பதால் அந்த ஒதுக்கீட்டை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

தமிழ்நாட்டு வாசல் வேறு வகையானது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நுழைவுத் தேர்வு வைப்பதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களைக் கொண்டு தரவரிசை போட்டு, கலந்தாய்வு நடத்துகிறது. வெளிமாநிலத்தில் படித்த தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பூர்வீகச் சான்றிதழோடு விண்ணப்பிக்க வேண்டும். ராயக்கோட்டை நிலத்தின் பட்டா, உங்களுடைய பள்ளிச் சான்றிதழ், உங்கள் தந்தையாரின் குடும்ப அட்டை போன்றவை இருந்தால் அந்தச் சான்றிதழைப் பெறுவது கடினமில்லை. ஆனால் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு இரண்டு மூன்று முறை நடக்க வேண்டியிருக்கும்.

இங்கே சாதிச் சான்றிதழ் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். பட்டியல் சாதிகள், பிற்படுத்தப்பட்டோர் என்ற பட்டியல்கள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. ஒரு மாநிலத்துப் பட்டியல் சாதியினர் வேறொரு மாநிலத்தில் குடியேறியதால் அங்கும் அதே சலுகையைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே, பெங்களூரில் வசிக்கும் தமிழ்க் குடும்பத்தின் பிள்ளைக்குக் கர்நாடகத்தில் ஒரு பிரிவும் தமிழ்நாட்டில் வேறொரு பிரிவும் பொருந்தலாம். சிலருக்கு ஒரு பக்கத்தில் எந்தப் பிரிவும் பொருந்தாமலும் போகலாம். எந்த மாநிலத்தில் எந்தச் சான்றிதழ் செல்லும் என்பதை மதிப்பெண் வருவதற்கு முன்பே தெரிந்துகொண்டால்தான், கலந்தாய்வில் எங்கே வாய்ப்பு உண்மையானது என்பது புரியும்.

மூன்றாவது வாசலைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம், அதாவது ஐ.சி.ஏ.ஆர்., நாடெங்கும் உள்ள வேளாண் பல்கலைக்கழகங்களில் ஒரு பகுதி இடங்களை அகில இந்திய அளவில் நிரப்புகிறது. முன்பு அதற்கெனத் தனித் தேர்வு இருந்தது. இப்போது மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான கியூட் மதிப்பெண்ணைக் கொண்டு கலந்தாய்வு நடக்கிறது. இந்த வழியில் வெளிமாநிலக் கல்லூரியில் சேரும் மாணவர்களுக்குத் தேசியத் திறன் உதவித்தொகையும் உண்டு. ஹைதராபாத்தோ, பந்த்நகரோ, லூதியானாவோ போய்ப் படிக்கத் துணிவு இருக்கும் பிள்ளைக்கு இது அருமையான வழி. உங்கள் மகள் மூன்று வாசல்களுக்கும் விண்ணப்பிக்கட்டும்.

அடுத்தது, ஐ.சி.ஏ.ஆர். அங்கீகாரம். தனியார் கல்லூரியிலிருந்து அழைப்பவர்கள் இதைப் பற்றி நேரடியாகப் பேச மாட்டார்கள், "யு.ஜி.சி. அங்கீகாரம் இருக்கிறது" என்பார்கள். பட்டம் செல்லுபடியாகும் என்பதற்கு அது போதும். ஆனால் வேளாண் பல்கலைக்கழகங்களில் முதுகலை படிக்கவும், ஐ.சி.ஏ.ஆர். இடங்களுக்கும் உதவித்தொகைக்கும் போட்டியிடவும், ஐ.சி.ஏ.ஆர். அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் இளங்கலை முடித்திருக்க வேண்டும் என்பது இன்று பெரும்பாலான இடங்களில் நிபந்தனையாகிவிட்டது. என் உறவினர் மகன் ஒருவன், எல்லையோரத்தில் புதிதாகத் தொடங்கிய ஒரு தனியார் நிறுவனத்தில் நான்கு ஆண்டுகள் படித்தான். அங்கீகாரம் வரும், விண்ணப்பித்திருக்கிறோம் என்று சேரும்போது சொன்னார்கள். அவன் படித்து முடித்து வெளியே வந்தபோதும் அதையே சொன்னார்கள். நல்ல மதிப்பெண் வாங்கிய பையன். மண்ணியலில் முதுகலை படிக்க வேண்டும் என்பது அவன் ஆசை. விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே தடுக்கப்பட்டான். அவனுக்கு நேர்ந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. அந்தக் கல்லூரியில் சேர்க்கலாமா என்று அவன் தந்தை என்னிடம் கேட்டபோது நான் இதை விசாரிக்காமல் தலையாட்டினேன்.

ஆகவே தனியார் கல்லூரி என்றால் மூன்றைத் தனித்தனியே கேளுங்கள்: எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறது, ஐ.சி.ஏ.ஆர். அங்கீகாரம் இன்றைய தேதியில் இருக்கிறதா, இருந்தால் எந்த ஆண்டு வரை? அங்கீகாரம் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் வழங்கப்படுகிறது. கல்லூரி தரும் அச்சிட்ட தாளை நம்பாமல், ஐ.சி.ஏ.ஆர். வெளியிடும் பட்டியலிலேயே பெயரைத் தேடிப் பாருங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த தனியார் கல்லூரிகள் பல இருக்கின்றன. அவற்றின் பாடத்திட்டமும் தேர்வும் பல்கலைக்கழகத்தினுடையவை. அரசு ஒதுக்கீட்டு இடங்களும் அதே கலந்தாய்வில்தான் நிரப்பப்படுகின்றன. அவற்றையும், யாரோடும் இணையாமல் தானே பட்டம் வழங்கும் தனியார் பல்கலைக்கழகத்தின் வேளாண் துறையையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

இனி நிலத்துக்கு வருகிறேன்.

ஹெப்பாளின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் சொல்ல வருவது அதில் இருக்கிறது. மைசூர் அரசில் மகாராணி ஆட்சிப் பொறுப்பில் இருந்த காலத்தில், 1899இல், ஹெப்பாளில் 30 ஏக்கர் நிலம் பயிர்ச் சோதனைக்காக ஒதுக்கப்பட்டது. அங்கே பட்டப்படிப்புக் கல்லூரி வந்தது 1946இல். பல்கலைக்கழகம் அமைந்தது 1964இல். முதலில் வயல், அரை நூற்றாண்டு கழித்துத்தான் கல்லூரி. இன்று ஜி.கே.வி.கே. வளாகம் ஆயிரம் ஏக்கருக்கும் மேல் பரந்திருக்கிறது. நகரம் அதைச் சுற்றி வளைத்துவிட்ட பிறகும், பெல்லாரிச் சாலையின் இரைச்சலைத் தாண்டி உள்ளே போனால் செம்மண்ணும் கேழ்வரகும் துவரையும் அவரையும் கண்ணில் படும். இந்தியக் கேழ்வரகையும் ஆப்பிரிக்கக் கேழ்வரகையும் கலந்து 'இந்தாஃப்' ரகங்களை உருவாக்கிய லட்சுமணய்யா என்ற விஞ்ஞானியைக் கர்நாடக உழவர்கள் 'ராகி லட்சுமணய்யா' என்றே அழைத்தார்கள். தென்கர்நாடகத்தின் மேட்டுநிலங்களில் பரவலாக விதைக்கப்படும் ஜி.பி.யூ.-28 என்ற கேழ்வரகு ரகம் இந்த வளாகத்தின் பெயரைத் தாங்கியது. கிருஷ்ணகிரி, தர்மபுரி மேட்டுநிலமும் அதே செம்மண்தான், அதே மானாவாரிதான். உங்கள் ராயக்கோட்டை நிலத்துக்கு நெருங்கிய உறவு, மாநிலம் வேறானாலும், ஹெப்பாள் மண்தான்.

மண்டியாவின் வி.சி. பண்ணைக் கல்லூரியில் படிப்பவர்கள் வாய்க்கால் பாசனத்தில் நெல்லையும் கரும்பையும் பார்த்து வளர்கிறார்கள். தார்வாடும் ராய்ச்சூரும் கரிசல் மண். அங்கே பருத்தி, சோளம், கடலை. இரு வகைப் பருத்திகளை இணைத்து உலகின் முதல் வணிக வீரிய ஒட்டுகளில் ஒன்றான 'வரலட்சுமி' தார்வாடில்தான் பிறந்தது. கோயம்புத்தூர் வளாகத்தில் நன்செயும் புன்செயும் தோட்டக்கால் நிலமும் அருகருகே இருக்கின்றன. 1868இல் சைதாப்பேட்டையில் பண்ணைப் பள்ளியாகத் தொடங்கி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவைக்கு இடம்பெயர்ந்த அதன் மரபு தென்னிந்தியாவில் மிகப் பழையது. அதை ஒட்டியே 1912இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையமும் இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்துக் கிள்ளிகுளத்தில் தாமிரபரணிப் படுகை. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் காவிரிக் கடைமடை. ஒரே பாடத்திட்டம்தான், ஆனால் நான்கு ஆண்டுகள் எந்த மண்ணில் நடந்தோமோ அந்த மண் கண்ணுக்குப் பழகிப் போகிறது. பிற்காலத்தில் வேலை எங்கே கிடைத்தாலும் முதலில் கண் தேடுவது அதைத்தான்.

நேர்காணல்களில் நான் வழக்கமாக ஒரு சோதனை வைப்பேன். நெல் நாற்றையும் அதே உயரத்தில் வளர்ந்த குதிரைவாலிப் புல்லையும் மேசைமேல் வைத்து, எது நெல் என்று கேட்பேன். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். இலை, தண்டைத் தழுவும் இடத்தில் நெல்லுக்கு மெல்லிய நாக்கு போன்ற சவ்வும் இரு பக்கமும் சிறிய காதுகளும் இருக்கும். புல்லுக்கு அவை இரண்டும் இருக்காது. விதைப் பயிரில் கலவன் நீக்கும், அதாவது கலந்துவிட்ட வேற்றுச் செடிகளைப் பிடுங்கும், வேலைக்கு இது அரிச்சுவடி. பெரிய பெயருள்ள இடத்தில் உயர்ந்த மதிப்பெண்ணோடு படித்த சிலர், புத்தகத்தில் படித்ததைச் சொல்லத் தெரிந்தும், கையில் எடுத்து அந்த இடத்தைப் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் நின்றார்கள். சிறிய ஊர் ஒன்றிலுள்ள அரசுக் கல்லூரியில் படித்த பெண் ஒருத்தி நாற்றைத் தொட்ட மறுகணமே பிரித்துக் காட்டிவிட்டு, "நாற்றங்காலில் இதைக் கைக்களை எடுத்திருக்கிறோம், ஐயா" என்றாள். அவளை அன்றே வேலைக்கு எடுத்தோம்.

எனவே, கல்லூரியை நேரில் போய்ப் பாருங்கள், மகளையும் அழைத்துப் போங்கள். வரவேற்பறையில் உட்கார்ந்து விளக்கப் படம் பார்ப்பதில் பயன் இல்லை. வேலை நாளில், காலையில் போங்கள்; வயல் செய்முறை வகுப்புகள் பெரும்பாலும் வெயில் ஏறும் முன்பே நடக்கும். மாணவர்கள் நிலத்தில் இருக்கிறார்களா, அல்லது பண்ணைத் தொழிலாளர்கள் செய்வதை வரப்பில் நின்று குறிப்பெடுக்கிறார்களா என்று பாருங்கள். இளங்கலையில் ஒவ்வொரு மாணவருக்கும் அல்லது சிறு குழுவுக்கும் ஒரு துண்டு நிலம் கொடுத்து, விதைப்பு முதல் அறுவடை வரை பயிர் செய்யச் சொல்வது வழக்கம். அந்தத் துண்டு எங்கே என்று மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் கேளுங்கள். அவர் கை நீட்டி, "அதோ, அந்த வேப்ப மரத்துக்கு அப்பால்" என்று சொன்னால் நல்லது. யோசித்தால் யோசிக்க வேண்டியதுதான். பூச்சியியல் துறையில் மாணவர்கள் சேகரித்த பூச்சிப் பெட்டிகளைக் காட்டச் சொல்லுங்கள். சொந்தமாகப் பிடித்து ஊசி குத்திய பூச்சிக்கும், மேல்வகுப்பு மாணவரிடம் வாங்கி ஒப்படைத்த பூச்சிக்கும் வேறுபாடு தெரியும். சொந்தமாகப் பிடித்ததில் ஊர்ப் பெயரும் தேதியும் அவரவர் கையெழுத்தில் எழுதியிருக்கும். நூறு ஏக்கர் என்று விளம்பரத்தில் போட்டிருந்தால், அதில் பாசனம் எவ்வளவுக்கு இருக்கிறது, கோடையில் எத்தனை ஆழ்துளைக் கிணறுகளில் தண்ணீர் நிற்கிறது என்றும் கேளுங்கள். தண்ணீர் இல்லாத பண்ணையில் மாணவர்களுக்கு ஒரு பருவம்தான் பயிர். மீதி மாதங்களில் கரும்பலகைதான்.

ஆசிரியர்களைப் பற்றிக் கேட்க வேண்டியதும் உண்டு. உழவியல், மண்ணியல், பயிர் இனப்பெருக்கம், பூச்சியியல், பயிர் நோயியல், தோட்டக்கலை, வேளாண் பொருளியல், விரிவாக்கம் என்று எட்டுத் துறைகளாவது தனித்தனி ஆசிரியர்களோடு இயங்க வேண்டும். புதிய தனியார் கல்லூரிகளில் ஓர் ஆசிரியரே மூன்று துறைகளைச் சமாளிப்பதை நான் பார்த்திருக்கிறேன். அவர்மேல் குற்றமில்லை, ஆனால் பிள்ளைகள் இழப்பது இழப்புத்தான்.

இப்போது மொழிக்கு வருகிறேன். பெங்களூருத் தமிழ்ப் பெற்றோர் இதைக் கேட்பதே இல்லை. எனக்கோ இது மிக முக்கியமாகப் படுகிறது. இரு மாநிலங்களிலும் பாடம் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. கோயம்புத்தூரில் தமிழ் வழியிலும் இளங்கலை வேளாண்மை தொடங்கியிருக்கிறார்கள். ஆனால் நான்காம் ஆண்டில் ஒரு பருவத்தை மாணவர்கள் கிராமத்தில் கழிக்க வேண்டும். கிராமப்புற வேளாண் பணி அனுபவம் என்று பெயர். எல்லோரும் 'ராவே' என்றுதான் சொல்வார்கள். ஓர் உழவர் குடும்பத்தோடு பழகி, அவர்களுடைய பயிரையும் கடனையும் மாட்டையும் சந்தையையும் அறிந்து, கிராமக் கூட்டத்தில் எழுந்து நின்று பேச வேண்டும். அங்கே ஆங்கிலம் பயன்படாது.

உங்கள் மகள் பள்ளியில் கன்னடம் எழுதப் படிக்கக் கற்றிருப்பாள். தமிழை வீட்டில் பேசியிருப்பாள். இந்த ஊரில் வளரும் நம் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. இது பட்டத்தோடு முடிகிற விஷயமும் இல்லை. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வுகளில் தமிழ் தகுதித் தாள் இப்போது கட்டாயம்; அதில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மற்றத் தாள்களைத் திருத்தவே மாட்டார்கள். கர்நாடக அரசுப் பணித் தேர்வுகளில் கன்னட மொழித் தாள் உண்டு. வேளாண்மைத் துறை அலுவலராகும் எண்ணம் இருந்தால், எந்த மொழியில் அவள் உழவருக்குக் கடிதம் எழுத முடியும் என்பதை இப்போதே யோசித்துக்கொள்ள வேண்டும். தமிழ் எழுதத் தெரியாதென்றால் கோயம்புத்தூர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; பதினெட்டு வயதில் மூன்று மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் அதைக் கற்றுக்கொண்டு போக வேண்டும். எனக்கு நேர்மாறான சிக்கல் இருந்தது. கோலார் மாவட்டத்தில் என் கிராமப் பயிற்சியில், அந்த வீட்டுப் பெரியவர் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசுவார். எனக்குத் தெரிந்த கன்னடம் அல்சூர்க் கடைவீதிக் கன்னடம். முதல் மாதம் அவர் சொன்னதில் பாதி எனக்குப் புரியவில்லை. அவர் அதைப் பொறுத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லையும் செடியைத் தொட்டுக் காட்டிச் சொல்லிக் கொடுத்தார். நான் கற்ற வேளாண் கன்னடம் முழுவதும் அவர் தந்தது.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்து, உங்கள் மகளுக்கு நான் சொல்லும் வரிசை இது. முதல் விருப்பம் ஜி.கே.வி.கே. இளங்கலை வேளாண்மை. மாநில மாணவர் என்ற தகுதி, கன்னட எழுத்தறிவு, சொந்த நிலத்துக்கு ஒத்த மண், வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவு எல்லாம் அந்தப் பக்கமே சாய்கின்றன. ஆனாலும் அவளை விடுதியில் விடுங்கள். தினமும் நகரப் பேருந்தில் வந்துபோனால் விடியற்காலை வயல் வகுப்புக்குச் சேர முடியாது. அதற்கு அடுத்து மண்டியா, ஹாசன் போன்ற அரசுக் கல்லூரிகள். தலைநகரத்தில் இல்லை என்பதற்காக அவற்றைத் தள்ளாதீர்கள். சிறிய ஊரில் வயல் பக்கத்தில் இருக்கும், கவனம் சிதறாது. அவற்றுக்கு இணையாகக் கோயம்புத்தூர், மதுரை, திருச்சி ஆகிய இடங்களில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகளை வைக்கிறேன். மதிப்பெண் மிக நன்றாக வந்து, தமிழ் எழுதவும் தெரிந்திருந்தால், கோயம்புத்தூரை முதல் இடத்துக்கே கொண்டுவரலாம். பழைய ஆய்வுத் துறைகளின் ஆழமும் நூலகமும் அங்கே வேறு எங்கும் இல்லாத அளவு.

வேளாண்மையில் இடம் கிடைக்காமல் தோட்டக்கலை கிடைத்தால் அதைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். இது நம் பகுதிக்கு மிகப் பொருத்தமான படிப்பு. ஓசூர் ரோஜா, கோலார் தக்காளி, தொட்டபள்ளாப்பூர் திராட்சை, ராயக்கோட்டைத் தக்காளிச் சந்தை எல்லாம் தோட்டக்கலைதான். பாகல்கோட் தோட்டக்கலைப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி ஒன்று ஜி.கே.வி.கே. வளாகத்திலேயே இயங்குகிறது, ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம், மூன்று நோய்களைத் தாங்கும் 'அர்க்கா ரக்ஷக்' தக்காளியை உருவாக்கிய இடம், ஒரு மணி நேரப் பயணம். அதற்கும் பிறகு பட்டுவளர்ப்பு, வேளாண் பொறியியல் போன்றவற்றை அவளுடைய விருப்பத்தைக் கேட்டு முடிவு செய்யலாம். தனியார் கல்லூரி கடைசியில். அதுவும் இணைப்பும் அங்கீகாரமும் பண்ணையும் நேரில் பார்த்து உறுதியானால் மட்டும்.

வேலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் கல்லூரிக்குக் கல்லூரி பெரிய வேறுபாடு இல்லை. மாநில வேளாண், தோட்டக்கலைத் துறைகள், வங்கிகளின் வேளாண் கள அலுவலர் பணி, விதை, உர, பூச்சிமருந்து நிறுவனங்கள், இந்திய வனப்பணித் தேர்வு ஆகியவை இளங்கலையோடு திறக்கும். ஆராய்ச்சியும் கற்பித்தலும் வேண்டுமென்றால் முதுகலை கட்டாயம். சொந்தமாக வேளாண் ஆலோசனை மையம் தொடங்குபவர்களுக்கு 2002 முதல் மத்திய அரசின் பயிற்சியும் மானியத்தோடு கூடிய கடன் திட்டமும் இருக்கின்றன. பூச்சிமருந்துக் கடை உரிமத்துக்கும் இன்று உரிய கல்வித் தகுதி கேட்கிறார்கள் என்பதால், ஊரில் இருந்தபடி தொழில் செய்ய நினைப்பவருக்கும் இந்தப் பட்டம் பயன்படும்.

மூன்று ஏக்கரைப் பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை. ஆனால் கேள்வியின் நடுவில் அது இருக்கிறது. அந்த நிலத்தை அவள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற எதிர்பார்ப்பை இப்போதே அவள்மேல் வைக்காதீர்கள். மூன்று ஏக்கரை நடத்த நான்காண்டுப் பட்டம் தேவையில்லை. நான்காண்டுப் பட்டம் படித்தவளுக்கு மூன்று ஏக்கர் மட்டும் போதாமலும் போகலாம். ஆனால் சேர்க்கைக்கு முன் அந்த நிலத்தில் அவள் ஒரு பருவமாவது நின்று பார்ப்பது நல்லது. வேளாண்மை மேல் அவளுக்கு இருக்கும் ஆசை எதிலிருந்து பிறந்தது என்பது அவளுக்கே அங்கே தெளிவாகும். செடியா, பூச்சியா, மண்ணா, சந்தையா என்று தெரிந்தால், எந்தக் கல்லூரியில் எந்தத் துறை வலுவாக இருக்கிறது என்று கேட்பது எளிது.

ஆண்டுதோறும், வழக்கமாக நவம்பர் மாதத்தில், ஜி.கே.வி.கே.யில் கிருஷி மேளா நடக்கும். அனுமதி எல்லோருக்கும் உண்டு. அரங்குகளில் நேரத்தைச் செலவிடாமல், பின்புறம் பயிர்க் காட்சித் திடலுக்கு அவளை அழைத்துப் போங்கள். அங்கே பலகையோடு நிற்கும் இளைஞர்கள் பெரும்பாலும் அந்தக் கல்லூரி மாணவர்கள். அவர்களிடம் உழவர்கள் கேட்கும் கேள்விகளையும், அவர்கள் பதில் சொல்லும் விதத்தையும் அவள் அரை நாள் கேட்கட்டும். மேளா வரும்வரை காத்திருக்க நேரமில்லை என்றால், ஒரு வேலை நாள் காலையில் ஹெப்பாளுக்கும் இன்னொரு நாள் மண்டியாவுக்கும் போய்வாருங்கள். அந்தத் தனியார் கல்லூரிக்காரர் மறுபடி அழைத்தால், ஐ.சி.ஏ.ஆர். அங்கீகாரக் கடிதத்தின் நகலையும் அது முடியும் தேதியையும் முதலில் அனுப்பச் சொல்லுங்கள்.